செக் இஞ்சின் லைட்டுக்கு ஓபிடி ஸ்கேனர் – காசு போடலாமுங்களா?

ஓபிடி ஸ்கேனர்னா, வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வெச்சிருக்கற கோளாறு நம்பர, அதாவது கோட, படிச்சு போன்ல காட்டற குட்டி டப்பாங்க. மொதல்லயே முடிவச் சொல்லிப்போடறேனுங்க. வண்டிக்கு வாரண்டி முடிஞ்சுபோச்சு, நீங்க இருக்கறது கோபி, அந்தியூர், காங்கேயம், உடுமலைன்னு ஊருக்கு வெளிய தோட்டத்துல, ஒருக்கா ஸ்கேன் போடோணும்னாலே அன்னைக்கு வேலையக் கெடுத்துட்டு ஈரோட்டுக்கோ கோயமுத்தூருக்கோ ஓடோணும்னா, இத வாங்கி வண்டிக்குள்ள போட்டு வெச்சுக்கறது நல்லது. வண்டி புதுசு, வாரண்டி ஓடிட்டிருக்குது, சர்வீஸ் சென்டரும் பக்கத்துலயே இருக்குதுன்னா இப்பத்திக்கு வேண்டாமுங்க. அவங்களே சும்மா பாத்துக் குடுப்பாங்க.

நான் வெச்சிருக்கறது வீகேட் ஐகார் புரோ, ப்ளூடூத் 4.0 மாடல். ஆண்ட்ராய்டு ஐபோன் ரெண்டுலயும் சேருது, அதனாலதா இத எடுத்தேன், பழைய ப்ளூடூத்ல வர்ற சாதாரண அடாப்டர் ஐபோன்ல வேல செய்யாதுங்க, வாங்கறதுக்கு முன்னாடி இத ஒருக்கா பாத்துக்குங்க. கூடவே கார் ஸ்கேனர்னு ஒரு ஆப். கோடு படிக்கறதுக்கு இலவசமே போதும். மச்சானும் ஒண்ணு வெச்சிருக்கான், ஆன்லைன்ல கெடைக்கிற வெல கம்மியான நீலக் கலர் குட்டி டப்பா, கம்பெனி பேரே இல்லாதது. ரெண்டையும் ஒரு புது வண்டி, ஒரு பழைய வண்டியில மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துத்தா இத எழுதறேன்.

ஆனா டூலுக்கு முன்னாடி உங்க வண்டியப் பாருங்க. பிஎஸ்னா வண்டிப் பொகைக்கு அரசாங்கம் போட்ட அளவு, நம்பர் ஏற ஏறக் கெடுபிடி. நம்ம நாட்டுல பிஎஸ்4 கார்களுக்கு இந்த ஸ்கேனர் படிக்கற ஓபிடி2 முறை கட்டாயம்னு வந்தது 2013 ஏப்ரல்ல. அப்ப 2014 மாடல்னா கண்டிப்பா இருக்கும்னு நெனச்சுப்போடாதீங்க, பிஎஸ்4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரல்லதா, அதுவரைக்கும் பெரிய நகரங்களுக்கு வெளிய பிஎஸ்3 வண்டியும் வித்துட்டுத்தா இருந்தாங்க. அந்த மாதிரி வண்டியில ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் இருந்தாலும், சாதாரண ஆப்போட பேசும்னு உறுதி கெடையாது. ஆர்சியிலயோ எம்பரிவாகன் ஆப்லயோ பிஎஸ் எத்தனைன்னு இருக்கும், அதப் பாத்துட்டு அப்பறம் காசு போடுங்க. பிஎஸ்6 வண்டின்னா, அதாவது 2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த காரு, கவலையே வேண்டாம்.

இந்தக் குட்டி டப்பாக்கள் எல்லாத்துக்கும் மூலம் ஈஎல்எம்327னு ஒரு சிப்பு. கனடாவுல எல்ம் எலக்ட்ரானிக்ஸ்னு ஒரு கம்பெனி செஞ்சது, 2022ல கடையச் சாத்திட்டாங்க. இன்னைக்கு வெல கம்மியா வர்றதெல்லாம் அதோட காப்பிதா. ‘வெர்ஷன் 1.5’னு டப்பா மேல போட்டு விக்கறாங்க பாருங்க, அந்தக் கம்பெனி 1.5னு ஒரு வெர்ஷனே விட்டதில்லீங்க. அதுக்காக அது வேலையே செய்யாதுன்னு சொல்ல வரல, சில காப்பி நல்லாவே ஓடுது, எது ஓடும் எது ஓடாதுன்னு வாங்குனாத்தா தெரியும், அதுதா தொந்தரவு. மச்சானுது கேன் லைன்ல (வண்டி கம்ப்யூட்டர் பேசற வேகமான வயர் வழி) பேசற புது வண்டியில கோடு ஒழுங்காப் படிச்சுது, ஆனா லைவ் டேட்டா, அதாவது இஞ்சின் ஓடறப்பவே மாறிட்டிருக்கற நம்பருங்க, நாலஞ்சு ஒண்ணாப் போட்டா தெணறுது, நம்பர் மாற நேரம் புடிக்குது. கே-லைன்ங்கற பழைய வழியில பேசற வண்டியில சேரவே இல்ல. ஐகார் புரோ ரெண்டுலயும் சேந்துச்சு, கே-லைன்ல கொஞ்சம் மெதுவா வந்துச்சு, அது அந்த லைனோட வேகமே அவ்வளவுதா.

இன்னொண்ணு, சாக்கெட்ல 16ஆவது பின்னுக்கு பேட்டரியில இருந்து நேரா கரண்டு வருதுங்க, சாவிய எடுத்தாலும் வந்துட்டேதா இருக்கும். டப்பா தானாத் தூங்காத மாடலா இருந்தா, வண்டிய எடுக்காம நாள்கணக்குல நிறுத்தறவங்களுக்கு பேட்டரி எறங்கிப்போகும். எது வாங்குனாலும் வேல முடிஞ்சதும் கழட்டி வெச்சுருங்க.

இனி எந்த லைட்டுக்கு இது ஆகும், எதுக்கு ஆகாதுன்னு பாக்கலாம், இதுலதா நெம்பப் பேரு ஏமாந்துபோறாங்க. செவப்புல ஆயில் லைட்டோ, இஞ்சின் சூட்டு லைட்டோ எரிஞ்சா ஸ்கேனரத் தேடாதீங்க, ஓரங்கட்டி இஞ்சின ஆப் பண்ணுங்க. ஆயில் பிரஷர் இல்லாம ஓட்டற ஒவ்வொரு நிமிஷமும் இஞ்சினத் தின்னும். மஞ்ச செக் இஞ்சின் லைட்டு சும்மா எரிஞ்சா மெதுவாப் போய்ப் பாத்துக்கலாம், ஆனா அதே லைட்டு மினுக்கு மினுக்குனு மின்னுச்சுன்னா மிஸ்ஃபயர் ஆகுது, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்ல போய் எரிஞ்சு அதக் கெடுத்துப்போடும், அது வெல ஒசந்த சாமான். உடனே ஆக்சிலரேட்டரக் கொறச்சு நிறுத்தப் பாருங்க.

ஏபிஎஸ் லைட்டு, ஏர்பேக் லைட்டு ரெண்டையும் சாதாரண ஓபிடி2 டப்பா படிக்கும்னு நம்பி வாங்காதீங்க. சட்டப்படி எல்லாக் கம்பெனியும் ஒரே பாஷையில பேசோணும்கறது பொகை சம்பந்தமான இஞ்சின் விஷயத்துல மட்டுந்தா, மத்ததெல்லாம் அவங்கவங்க சொந்த பாஷை. உங்களுக்கு எரியறது ஏபிஎஸ் லைட்டுன்னா ‘இஞ்சின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக்’ நாலும் படிக்கும்னு உங்க வண்டி பேரப் போட்டே சொல்ற டூலாப் பாத்து வாங்கோணும், லாஞ்ச், ஆட்டெல் மாதிரி கம்பெனிங்க செய்யறாங்க, வெல பல மடங்கு. ஃபோர்டு வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு நல்ல சேதி, ஃபோர்ஸ்கேன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குது, நல்ல அடாப்டர் ஒண்ணு இருந்தா ஏபிஎஸ், ஏர்பேக் வரைக்கும் உள்ள போய்ப் படிக்கும். கம்பெனி 2021ல இங்க வண்டி செய்யறத நிறுத்தறேன்னு சொன்னதுக்கு அப்பறம் நம்ம பக்கம் ஃபோர்டு வெச்சிருக்கறவங்க இத நம்பித்தா ஓட்டறாங்க.

சரி, இதுக்குக் காசு போட்டது தகும்னு எனக்குத் தோணுன எடத்தச் சொல்றேன். பொள்ளாச்சிப் பக்கம் எங்க பெரியப்பா பையனோட பெட்ரோல் காரு, தென்னந்தோப்புல செட்டுக்குள்ள நிக்கற வண்டி. மஞ்ச லைட்டு எரிஞ்சுது. ஒரு சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் போட்டு பி0171னு வந்துச்சு, ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு, மாத்தோணும்னு எஸ்டிமேட் குடுத்து அனுப்பிட்டாங்க, அண்ணனுக்கு ஒரே வெசனம். பி0171னா என்னங்க? இஞ்சினுக்குள்ள காத்து அதிகமா இருக்குது, பெட்ரோல் பத்தலன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, அவ்வளவுதா. அதச் சொல்றதுக்கே ஆக்சிஜன் சென்சார் வேணும், சொல்ற ஆளையே தூக்கி வெளிய போடுன்னா எப்பிடிங்க. கோடுங்கறது நோவு எங்க இருக்குதுன்னு காட்டுமே தவிர மருந்துச் சீட்டு இல்லீங்க.

ஆப்ல லைவ் டேட்டாவுக்குப் போய் ஃப்யூவல் ட்ரிம்னு இருக்கும், ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம்னு ரெண்டு. கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல எத்தன சதவீதம் பெட்ரோல் சேத்துக் குடுக்குது, இல்ல கொறைக்குதுன்னு காட்டறது அது. நல்ல வண்டியில கூட்டல் கழித்தல் பத்துக்குள்ள நிக்கும். அண்ணன் வண்டியில ஐடிலிங்ல லாங் டேர்ம் இருபதத் தொட்டுட்டு நின்னுச்சு. ஆக்சிலரேட்டர மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல புடிச்சா சரசரன்னு எறங்கி அஞ்சாறுக்கு வந்துருச்சு. இதுதா சங்கதி. பம்பு, ஃபில்டர்ல பெட்ரோல் பத்தாம வந்தா வேகம் கூடக் கூட இன்னும் மோசமாகும். ஐடிலிங்ல மட்டும் அதிகமா இருந்து வேகத்துல சரியாச்சுன்னா, எங்கியோ சின்ன ஓட்டையில கணக்குல வராத காத்து உள்ள போகுதுன்னு அர்த்தம், ஐடிலிங்ல இஞ்சின் இழுக்கற காத்தே கொஞ்சம், அதுல திருட்டுக் காத்து பெருசாத் தெரியும், வேகத்துல தெரியாது. உள்ள போற காத்த அளக்கற எம்ஏஎஃப் சென்சார் இருக்கற இஞ்சினுக்குத்தா இந்தக் கணக்கு, காத்தழுத்தத்த அளக்கற மேப் சென்சார் வெச்ச வண்டியில இதே ஓட்டை இருந்தா ட்ரிம் இந்த மாதிரி ஏறாது, ஐடிலிங் ஆர்பிஎம்தா ஏறும், அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஸ்க்ரீன்ஷாட்ட எடுத்து ஊர்லயே இருக்கற மெக்கானிக் அண்ணங்கிட்ட காட்டுனோம். பாத்ததும் அவரு “ஏனுங் தம்பி, வண்டி தோப்புலயா நிக்குது?”ன்னு ஒரே கேள்விதா கேட்டாரு. ஏர் ஃபில்டர் பெட்டியக் கழட்டிப் பாத்தா பின்னால போற ரப்பர் ஹோஸ எலி கடிச்சு வெச்சிருக்குது. ஹோஸ மாத்திக் கோட அழிச்சதுக்கு அப்பறம் ட்ரிம் பழையபடி எறங்கிருச்சு, லைட்டும் திரும்பி வரல. தென்னந்தோப்புலயும் மாட்டுக் கொட்டாய்ப் பக்கத்துலயும் வண்டி நிறுத்தற நம்ம ஆளுங்களுக்கு பாதிக் கோடு எலி கடிச்சு வர்றதுதானுங்க, வயரோ ஹோஸோ ஏதாச்சு ஒண்ணு. சாமான மாத்தறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒருக்கா பாருங்க.

அந்த மெக்கானிக் அண்ணனே இன்னொண்ணும் சொன்னாரு, “வாங்கறது வாங்குங்க, கோட மட்டும் அழிச்சுப்போட்டு எங்கிட்ட வராதீங்க, அதுதானுங்க எனக்கு சாட்சி”ன்னு. நெம்பச் சரி. கோடு விழுந்த அந்த நேரத்துல வண்டி என்ன வேகம், என்ன ஆர்பிஎம், எவ்வளவு சூடு, எவ்வளவு லோடுன்னு கம்ப்யூட்டர் ஒரு படம் புடிச்ச மாதிரி வெச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. அழிச்சா அதுவும் சேந்து போயிரும். லைட்டு அணைஞ்சுது, சரியாப்போச்சுன்னு கெளம்பிருவீங்க, கோளாறு உள்ள அப்பிடியேதா இருக்கும், நாலு நாள்ல திரும்ப எரியும். படிங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, ரிப்பேரு முடிஞ்சதுக்கு அப்பறந்தா அழிக்கறது.

அதே மாதிரி, டூல் வாங்கிட்டோம்னு மெக்கானிக்குக்குப் பாடம் எடுக்கப் போகாதீங்க. நம்பரக் காட்டி என்ன நெனைக்கறீங்கன்னு கேட்டா நல்ல மெக்கானிக் யாரும் கோவிக்கறதில்ல. ‘அதெல்லாம் பாக்கத் தேவையில்ல, சென்சார் மாத்துனா சரியாயிரும்’னு சொல்ற எடத்துல கொஞ்சம் யோசிங்க.

பிஎஸ்6 டீசல் வெச்சிருக்கறவங்களுக்கு டிபிஎஃப் லைட்டு ஒரு பெரிய தலைவலி. கரி சேர்ற ஃபில்டர் அது, 600 டிகிரிப் பக்கம் சூடேறுனாத்தா கரி எரிஞ்சு சுத்தமாகும், டவுனுக்குள்ளயே கிராஸ்கட் ரோட்டுலயும் காந்திபுரத்துலயும் ஊந்துட்டிருந்தா அந்தச் சூடு எங்கிருந்து வருமுங்க. லைட்டு வந்த ஒடனே அவிநாசி தாண்டி சேலம் ரோட்டுல ஏறி, மேனுவல்ல போட்டிருக்கற வேகத்துல நிறுத்தாம ஒரு ஓட்டம் ஓட்டுனா பல தடவ அதுவே அணையும், அதுக்கு டூலே வேண்டாம். சில மாடலுக்கு கார் ஸ்கேனர் ஆப்ல உங்க வண்டிய செலக்ட் பண்ணுனா கரி அளவையே காட்டுது, எல்லா வண்டிக்கும் வராது.

சங்ககிரியில லாரி வெச்சிருக்கற பங்காளி ஒருத்தரு இதையே லாரிக்குப் போடலாமான்னு கேட்டாரு. வேண்டவே வேண்டாமுங்க. லாரி 24 வோல்ட்டு, காருக்குன்னு செஞ்ச டப்பா 12 வோல்ட்டுக்கு, மாட்டுனா டப்பா கருகிப்போகலாம். ஒரே 16 பின் மாதிரி தெரிஞ்சாலும் 24 வோல்ட்டு சாக்கெட்டுல நடுவுல இருக்கற பள்ளம் ரெண்டாப் பிரிஞ்சிருக்கும், உத்துப் பாருங்க. பேசற பாஷையும் பெரும்பாலும் வேற, ஜே1939னு பேரு. ஆட்ப்ளூ (டீசல் பொகையச் சுத்தம் பண்ண ஊத்தற தண்ணி மாதிரி சாமான்), பொகைய அளக்கற நாக்ஸ் சென்சார் கோளாறுன்னா ஹெவி வண்டிக்குன்னே இருக்கற டூல் வேணும், நாமக்கல், சங்ககிரிப் பக்கம் அத வெச்சு வேல பாக்கற ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்டயே விட்டுருங்க. பைக்குக்கும் இத அப்பிடியே மாட்ட முடியாது, கனெக்டர் வேற, தனிக் கேபிள் வாங்கோணும்.

திம்பம் ஏறறப்ப, 27 கொண்டை ஊசி வளைவு, கூலண்ட் சூட்டப் பாக்கறதுக்கும் இது ஒதவுது, நெறைய வண்டியில இப்ப சூட்டு முள்ளே இல்லாம வெறும் லைட்டுதா வருது, லைட்டு எரியற வரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது. ஓட்டறவங்க போனப் பாக்கக்கூடாது, பக்கத்து சீட்டுக்காரரு பாக்கோணும்.

கடைசியா, பழைய வண்டி வாங்கப் போறீங்கன்னா வேற எதுக்கும் இல்லாட்டியும் அதுக்காகவே ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. விக்கறவங்க லைட்ட அணைக்கக் கோட அழிச்சு வெச்சிருந்தாங்கன்னா வண்டி தன்னத்தானே சோதிச்சு முடிச்சுதான்னு காட்டற ரெடினெஸ் மானிட்டர்ல பல ஐட்டம் ‘முடியல’ன்னு காட்டும், கோடு அழிச்சு எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னும் நெறைய வண்டி சொல்லும். மீட்டர்ல எம்பதாயிரம் ஓடிருக்குது, கோடு அழிச்சு முப்பது கிலோமீட்டர்தா ஆச்சுன்னா, ஏன் அழிச்சீங்கன்னு கேளுங்க. பேட்டரிய சமீபத்துல கழட்டியிருந்தாலும் இப்பிடிக் காட்டும், அதனால ஒடனே சண்டைக்குப் போகாதீங்க, பதில் ஒழுங்கா வரலைன்னா ரெண்டு நாள் விட்டு மறுபடியும் போய்ப் பாருங்க, இல்ல வேற வண்டி பாருங்க.