நேர்சரியில் லெவல் 3 அப்ரென்டிஸ்: வேலை கற்றுத் தந்த இடமும் படிப்பைக் கோட்டை விட்ட கொம்பனியும்

நேர்சரியில் அப்ரென்டிஸாக, அதாவது சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே படிப்பவளாக, இருந்த என் அனுபவம் இது. முதலில் புள்ளியைப் போட்டுவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். நேர்சரிக்கு ஐந்துக்கு நாலரை. படிப்பை நடத்திய பயிற்சிக் கொம்பனிக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் கடைசியாக வந்த ஒரு நல்ல பயிற்சியாளருக்காக. இரண்டின் பெயரையும் எழுதவில்லை. நான் இப்போதும் அதே நேர்சரியில்தான் வேலை செய்கிறேன், அங்கே வரும் பிள்ளைகளை யாரும் அடையாளம் பிடிக்கிற மாதிரி எதையும் வெளியில் எழுதக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். லண்டனில் ஹாரோ பக்கம், பழைய வீடொன்றை மாற்றி நடத்துகிற நடுத்தர அளவு நேர்சரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 இலையுதிர் காலத்தில் சேர்ந்தேன். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் கடைக் கவுண்டர் வேலையை விட்டுவிட்டு 'ஏர்லி இயர்ஸ் எடியுகேட்டர்' (சின்னப் பிள்ளைகளுக்கான கல்வியாளர்) என்கிற லெவல் 3, அதாவது ஏ லெவலுக்குச் சமமான, பயிற்சிக்குப் போனேன். எங்கள் ஆட்களிடம் சொன்னால் "பிள்ளை பார்க்கிற வேலைதானே, அதுக்கென்ன படிப்பு" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சம்பளத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அப்ரென்டிஸுக்கு முதல் வருடம் தனியான அடிமட்டச் சம்பளம், உங்களுக்கு வயது முப்பத்தைந்து ஆனாலும் அதேதான். நான் சேர்ந்தபோது சட்டப்படி மணிக்கு 5.28 பவுண், 2024 ஏப்ரலில் 6.40, 2025 ஏப்ரலில் 7.55, 2026 ஏப்ரலில் 8. முதல் வருடம் முடிந்த பிறகு வயதுக்குரிய சம்பளத்துக்கு மாற்றியே ஆக வேண்டும், 21 வயதுக்கு மேற்பட்டவருக்கு அந்த நேரம் அது 11.44 ஆக இருந்தது. எனக்கு என் நேர்சரி சட்டத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டித் தந்தது, முதல் வருடம் முடிந்த மாதமே கேட்காமல் மாற்றியும் விட்டது. அப்படி எல்லா இடத்திலும் நடப்பதில்லை, ஆகவே அந்தத் திகதியை நீங்களே குறித்து வைத்திருங்கள். படிப்புக்கு நாங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, அதைக் கட்டச் சொல்லி யாராவது கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, படிப்புச் செலவுக்கான அரசாங்கப் பணத்துக்குத் தகுதி பெற வேலை செய்யும் உரிமை மட்டும் போதாது, பொதுவாகக் கடைசி மூன்று வருடம் இங்கே வாழ்ந்திருக்கவும் வேண்டும். புதிதாக வந்தவர்கள் விண்ணப்பம் எழுத உட்கார முன்னமே இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

சரி, வேலை.

என்னை முதலில் பேபி ரூமில் போட்டார்கள். இரண்டு வயதுக்குக் கீழ் மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது சட்டம். எங்கள் ரூம் லீடர் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர், அவர் முதலில் கற்றுத் தந்தது நாப்பி மாற்றுவது. ஒரு பிள்ளையை வளர்த்தவளுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், இருக்கிறது. பிள்ளையைப் பின்னால் இருந்து தூக்கக்கூடாது. முன்னால் வந்து, குனிந்து, முகத்தைப் பார்த்து, "இப்ப உன்னைத் தூக்கப் போறேன், நாப்பி மாத்துவமா?" என்று கேட்டு, இரண்டு கையையும் நீட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து மாதப் பிள்ளை வாயால் பதில் சொல்லாது, ஆனால் கையை நீட்டும், அல்லது நீட்டாது. நீட்டாவிட்டால் கையில் பிடித்திருக்கிற சாமானோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போங்கள், பிடுங்கி வைக்காதீர்கள் என்பார். அப்புறம் ஏப்ரன், கையுறை, பாயைத் துடைப்பது, தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, க்ரீம் பூசப் பெற்றோர் எழுதித் தந்திருக்கிறார்களா என்று பார்ப்பது, நேரத்தை அட்டவணையில் எழுதுவது. இத்தனைக்கும் நடுவில் பிள்ளையோடு கதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பெரியவரின் முழுக் கவனமும் அந்தப் பிள்ளைக்குத் தனியாகக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்களில்தான், அதை அவசர அவசரமாக முடிக்காதே என்று அவர் சொன்னது எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை.

நித்திரை விஷயமும் அப்படித்தான். எங்கள் வீடுகளில் ஏணை கட்டி ஆட்டித்தான் பிள்ளையைத் தூங்க வைத்தோம். இங்கே மல்லாக்கக் கிடத்த வேண்டும், தலையணை இல்லை, தடித்த போர்வை இல்லை, கட்டிலுக்குள் பொம்மை இல்லை. தூங்குகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எங்கள் நேர்சரியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. எட்டிப் பார்த்துவிட்டுப் போவது கணக்கில் இல்லை, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, முகம் மூடியிருக்கிறதா, உடம்பு அதிகம் சூடா என்று பார்த்து ஒவ்வொரு முறையும் கையெழுத்து வைக்க வேண்டும். மத்தியானத்தில் அறை முழுக்கத் தூங்கும்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்து யாரும் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் அது வட்டமாகவே இருக்கும், சின்னத் தொண்டையில் போய் மூடிபோல அடைத்துக்கொள்ளும். குட்டித் தக்காளிக்கும் அதே வெட்டுத்தான். ஐந்து வயதுக்குக் கீழ் முழுக் கடலை, முழு முந்திரி கிடையவே கிடையாது. கலியாண வீடுகளில் இரண்டு வயதுப் பிள்ளை கையில் கச்சான் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போது நெஞ்சு பதறும், ஓடிப்போய் வாங்கிவிடுவேன், யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு எங்கள் இடத்தில் வேறு நிறத் தட்டு, மேசையில் படத்தோடு அட்டை, சாப்பாடு சமையலறையில் இருந்து வந்ததும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பார். 2025 செப்டம்பரில் இருந்து சாப்பாட்டு நேரப் பாதுகாப்பு நேர்சரிகளுக்கான இங்கிலாந்தின் சட்டக் கையேட்டில் தனிப் பகுதியாகவே வந்துவிட்டது. எங்கள் நேர்சரி அதற்கு முன்பே அப்படித்தான் நடந்தது, என் நாலரைப் புள்ளியில் பெரும் பங்கு இதற்குத்தான். குழந்தைகளுக்கான முதலுதவி வகுப்புக்கும், பன்னிரண்டு மணி நேர முழு வகுப்பு, சேர்ந்த கையோடு தங்கள் செலவில் அனுப்பினார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆள் கணக்கு விஷயத்திலும் பாராட்டத்தான் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒருவர் என்று இருந்ததை 2023 செப்டம்பரில் அரசாங்கம் ஐந்து பேருக்கு ஒருவர் என்று தளர்த்தியது. எங்கள் மனேஜர் நாலிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும் அந்த ஒரு பிள்ளை வித்தியாசம் என்ன என்று. இரண்டு பேர் ஒரே லொறிக்குச் சண்டை, ஒருவர் கழிவறைப் பழக்கத்தில் இருக்கிறார், ஒருவர் வாசலைப் பார்த்து அழுகிறார், அதோடு ஐந்தாவது பிள்ளை எங்கே என்று நீங்கள் தேட வேண்டும்.

தமிழ்ப் பெற்றோர் வாசிப்பீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன். டொட்லர் ரூமில், நடை பழகிய சின்னப் பிள்ளைகளின் அறையில், நான் இருந்தபோது ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள், வீட்டில் தமிழ் மட்டும், நேர்சரியில் வாயே திறக்க மாட்டாள். தாய்க்கு யாரோ சொந்தக்காரர் வீட்டிலும் ஆங்கிலத்தில் கதை என்று சொல்லிவிட்டார்கள், அவரும் தனக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு கஷ்டப்பட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார். ரூம் லீடர் அவரை இருத்தி வைத்து, தயவுசெய்து தமிழை விடாதீர்கள், உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் நிறையக் கதையுங்கள் என்று சொன்னார். வீட்டு மொழியைப் பயன்படுத்தப் பிள்ளைக்கு வாய்ப்புக் கொடுக்க நேர்சரி முயற்சி எடுக்க வேண்டும் என்பது சட்டக் கையேட்டிலேயே இருக்கிறது, அது இந்த நாட்டில் நல்ல விஷயம். தண்ணி வேணுமா, பசிக்குதா, அம்மா பின்னேரம் வருவா, இப்படி அன்றாடம் தேவைப்படுகிறதை நான் ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்தேன், போலந்துக்காரப் பெண்ணும் கானாக்காரப் பெண்ணும் அதைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிப் பழகினார்கள். புது மொழிக்குள் வருகிற பிள்ளை கொஞ்சக் காலம் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது வழமை, பயப்படத் தேவையில்லை. பாட்டு நேரத்தில் முதலில் கை அசைந்தது, பிறகு வாய் அசைந்தது, அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

இனிப் பயிற்சிக் கொம்பனி. சேரும்போது மாதாமாதம் நேரில் வந்து பார்ப்போம் என்றார்கள். நடந்தது ஸூம். பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், புதிதாக வருகிற ஒவ்வொருவரும் போட்ஃபோலியோவை (என் வேலைக்கு ஆதாரமாகச் சேர்த்து வைக்கிற கோப்பு) முதலில் இருந்து விளக்கச் சொன்னார்கள். நான் ஏற்றிய ஒப்படைகளுக்குக் கருத்து வர வாரக்கணக்கு ஆகும், வந்தாலும் "நல்லா இருக்கு, இன்னும் விரிவாக எழுதவும்" என்று ஒரு வரி. பிள்ளை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, விகொட்ஸ்கி, பௌல்பி எல்லாம் ஸ்லைட்டில் ஓடிப்போனார்கள். பிரிந்து போகும்போது பிள்ளை ஏன் அப்படி அழுகிறது, அழாமல் ஒரு மூலையில் இருக்கிற பிள்ளையை ஏன் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதைப் பௌல்பி சொன்னதோடு சேர்த்து விளக்கியது மறுபடியும் ரூம் லீடர்தான், அதுவும் வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும்போது.

பிள்ளையைக் கவனித்து எழுதுகிற குறிப்பும் அப்படியே. கண்டதை எழுது, நினைத்ததைப் பிறகு தனியாக எழுது என்பது விதி. ஒரு பையன் உயரக் கதிரையில் இருந்து கரண்டியைக் கீழே போடுகிறான், எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுகிறான், பிறகு கோப்பை, பிறகு வாழைப்பழத் துண்டு. குழப்படி என்று எழுதினால் அங்கேயே முடிந்துவிடும். எதைப் போட்டான், விழுந்ததும் எங்கே பார்த்தான், சத்தம் வராத பொருள் விழுந்தபோது முகம் எப்படி இருந்தது என்று எழுதினால், பொருள்கள் எப்படி விழுகின்றன என்று அவன் சோதித்துப் பார்க்கிறான் என்பது தெரியவரும். அடுத்த நாள் தோட்டத்தில் ஒரு குழாயும் பந்துகளும் வைத்துக் கொடுத்தார்கள், சாப்பாட்டு மேசையில் எறிவது குறைந்தது.

எனக்கு உண்மையான கோபம் வந்தது படிப்பு நேரத்தில். நான் சேர்ந்த காலத்து விதிப்படி முழுநேர அப்ரென்டிஸுக்கு வாரத்துக்குச் சராசரி ஆறு மணி நேரமாவது வேலை நேரத்துக்குள்ளேயே படிப்புக்குக் கிடைத்திருக்க வேண்டும், சம்பளத்தோடு. முதல் குளிர்காலத்தில் ஆளுக்கு ஆள் காய்ச்சல், வாந்தி என்று லீவு போட, படிப்புக்கென்று இருந்த என் புதன்கிழமைப் பின்னேரங்கள் பிள்ளைகளின் அறைக்குள்ளேயே போயின. நேர்சரிக்கு நான் அரைப் புள்ளி குறைத்தது இதனால்தான். ஆனால் நேர்சரியையாவது புரிந்துகொள்ளலாம், ஆள் கணக்குக் குறைந்தால் அறையை மூட வேண்டி வரும். என் மணித்தியாலங்களைக் கண்காணிக்க வேண்டிய பயிற்சிக் கொம்பனி, காகிதத்தில் மணித்தியாலம் நிரம்பியிருந்தால் போதும் என்று இருந்ததைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் இரவு பதினொரு மணிக்கு, மகன் தூங்கிய பிறகு எழுதியது அந்தக் கணக்கில் வரவே கூடாது. கடைசியில் எல்லோரும் கையெழுத்து வைத்த பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொண்டு போய் மனேஜரிடம் இருந்து கதைத்தேன். அவர் நியாயமான மனுசி, அடுத்த வாரமே எனக்குப் பதிலாக ஏஜென்சி ஆளைப் போட்டு நேரத்தைத் திருப்பித் தந்தார். கேட்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

உடம்புக்கு வருகிற கஷ்டம் இரண்டு வரி. முதுகும் முழங்காலும் நோகும், முதல் குளிர்காலம் முழுக்க மூக்குச் சளி, மழையிலும் பிள்ளைகளோடு வெளியில் நிற்க வேண்டும், நல்ல ரெயின்கோட்டுக்குக் காசு ஒதுக்குங்கள்.

ஆங்கிலம், கணிதம் என்று பயப்படுகிறவர்களுக்கு: நான் சேர்ந்த காலத்தில் அவற்றுக்கான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் (அன்றாடத் தேவைக்கான ஆங்கிலம், கணிதம்) பரீட்சை கட்டாயம், 2025 பெப்ரவரியில் இருந்து 19 வயதுக்கு மேல் தொடங்குபவர்களுக்கு அது வேண்டுமா இல்லையா என்பதை வேலை தருபவரோடு பேசி முடிவெடுக்கலாம். கடைசி மதிப்பீட்டுக்கு வெளியில் இருந்து ஒருவர் வந்தார், என் போட்ஃபோலியோவை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் கேள்வி கேட்டார், கேட்டதெல்லாம் அறையில் தினமும் செய்கிறதுதான். கடைசியாக வந்த பயிற்சியாளர் அதற்கு முன் என்னோடு இருந்து ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லிப் பழக்கினார், அவர் ஆரம்பத்தில் இருந்தே இருந்திருந்தால் புள்ளி வேறு மாதிரி இருந்திருக்கும்.

சேர நினைக்கிறவர்கள் அரசாங்கத்தின் அப்ரென்டிஸ் வேலைப் பக்கத்தில் தேடலாம், நேர்சரிகளைப் பரிசோதிக்கிற அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் அறிக்கையையும் வாசியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நேர்முகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: என் படிப்பு நேரம் எந்தக் கிழமை, அன்றைக்கு ஆள் குறைந்தால் யார் வருவார்கள், முதல் நாளில் இருந்தே என்னை ஆள் கணக்கில் சேர்ப்பீர்களா. முதலுதவிச் சான்றும், வேலையைப் பொறுப்போடு செய்கிற திறமையும் இருக்கிறது என்று நேர்சரி உறுதி செய்த பிறகே அப்ரென்டிஸைக் கணக்கில் சேர்க்கலாம், முதல் நாளே சேர்ப்போம் என்று சொல்கிற இடம் வேண்டாம். பயிற்சிக் கொம்பனியைத் தெரிவு செய்வது நேர்சரிதான் என்றாலும், அங்கே முன்பு படித்த ஒருவரோடு கதைக்க முடியுமா என்று கேளுங்கள். சுற்றிப் பார்க்கக் கூப்பிட்டால் காலையில் போகாதீர்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்கள் பிள்ளைகளோடு மேசையில் இருக்கிறார்களா, சுவரோரம் நின்று தங்களுக்குள் கதைக்கிறார்களா, திராட்சை எப்படி வெட்டியிருக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.