சீனி வருத்தக்காரர் வீட்டில் பிரஷர் மெஷின்: நீண்ட நாள் பாவித்த அனுபவம்

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்த நாளிலிருந்தே எங்கள் உப்புவெளி வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. பிரஷர் மெஷின் வாங்கியது 2019இல். அம்மா இன்சுலின் போடுவதில்லை, குளிசை மட்டும்தான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை கூடப் பிரயோசனப்பட்டது இந்தப் பிரஷர் மெஷின்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

சீனி உள்ளவர்களுக்குப் பிரஷர் எவ்வளவு முக்கியம் என்பதை பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு 1998இலேயே காட்டிவிட்டது. பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவினரின் சராசரி பிரஷர் 144/82, மற்றவர்களுடையது 154/87. இந்தப் பத்துப் புள்ளி வித்தியாசத்திலேயே பாரிசவாதம் 44 சதவீதம் குறைந்தது. அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. ஆரம்பத்தில் சீனியை இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்கு அதன் நன்மை பிறகும் நீடித்தது. பிரஷரில் அப்படியில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் நன்மையும் போய்விட்டது. அதாவது, கட்டுப்பாட்டில் இருக்கும்வரைதான் பலன். அதனால்தான் மெஷினை அலுமாரிக்குள் வைக்காமல் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கிறோம்.

வாங்கும்போது கம்பனியை விட வகையைப் பாருங்கள். மேற்கையில் சுற்றுவதுதான் நல்லது, மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பிக்கையில்லை. பட்டியின் அளவும் முக்கியம். சாதாரணப் பட்டி பொதுவாக 22 முதல் 32 சென்ரிமீற்றர் வரையான கைக்குத்தான் சரி. தடித்த கைக்குச் சின்னப் பட்டியைச் சுற்றினால் பிரஷர் இல்லாத அளவுக்குக் கூட்டிக் காட்டும். பாமசிக்குப் போகும் முன் தையல் நாடாவால் கையை அளந்துகொண்டு போங்கள்.

அளப்பதிலும் முறை உண்டு. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வேண்டும், கால் நிலத்தில், கை நெஞ்சு மட்டத்தில். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலமாவது போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு இதில் கஷ்டமானது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். பட்டி ஊதத் தொடங்கியதும் “சொதி அடுப்பில இருக்கு, பார்” என்பார். “கதைக்காம இருங்கோம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி அளப்போம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, இரண்டையும் கிளினிக் கொப்பியில் எழுதுவோம். ஒரு நாள் கூடினதற்காகப் பயப்படத் தேவையில்லை, ஒரு கிழமைப் போக்கைத்தான் பார்க்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு வைத்த கிழமைகளில் அம்மாவின் கணக்கு கொஞ்சம் ஏறியிருப்பதைக் கொப்பியில் பார்த்த பிறகு, கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி, அளவையும் குறைத்தோம்.

மெஷின் பெரிதாகக் கைகொடுத்தது வேறொரு விஷயத்தில். போன வருடம் அம்மாவுக்கு எழும்பும்போதெல்லாம் தலை சுற்றியது. குத்திப் பார்த்தால் சீனி சரி. உட்கார்ந்து அளந்தால் பிரஷரின் மேல் கணக்கு 134. எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் அளந்தால் 108! நீண்ட காலச் சீனி நரம்புகளைப் பாதிப்பதால், எழும்பும்போது இரத்தக் குழாய்கள் தேவையான அளவு சுருங்காமல், பிரஷரைத் தாங்கிப் பிடிக்காமல் விடலாமாம். மேல் கணக்கு 20க்கு மேல் இறங்கினால் அது கவனிக்க வேண்டியது. கொப்பியைப் பார்த்த டொக்டர் குளிசையை மாற்றித் தந்தார், தலைச்சுற்றும் நன்றாகக் குறைந்தது. நாங்களாகக் குளிசையில் கை வைக்கவில்லை, நீங்களும் வைக்காதீர்கள். வயதான சீனிக்காரர் இருக்கும் வீட்டில் இந்த ‘நின்று அளப்பதை’ இடைக்கிடை கட்டாயம் செய்யுங்கள். கட்டிலடியில் விழுந்து இடுப்பு முறிந்தால் பிறகு எவ்வளவு பாடு!

குறையென்றால், பட்டியின் ஒட்டும் பகுதி வியர்வையிலும் உப்புக்காற்றிலும் சீக்கிரம் பிடிமானம் இழந்தது. தனிப் பட்டி வாங்கி மாற்றினோம். பற்றரி இறங்கினால் ஊதும்போது பாதியில் நின்றுவிடும், அதனால் ஒரு சோடி மேலதிகமாக வைத்திருக்கிறோம். வருடத்துக்கொரு தடவை மெஷினைக் கிளினிக்குக் கொண்டுபோய் அங்குள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம், இதுவரை பெரிய வித்தியாசம் இல்லை.