லிங்கன் மெமோரியல் ஸ்டேடியம்: டிக்கெட் வாங்கலாமா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் லிங்கன் நகரில் இருக்கிற, நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் சொந்த மைதானம். (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து.) 1923இல் திறந்தது. 1962 நவம்பர் 3 முதல் இன்றுவரை 400 ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து ஹவுஸ்ஃபுல். இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. அணி சறுக்கிய காலத்தில் மிஞ்சிய டிக்கெட்டுகளை நன்கொடையாளர்கள் வாங்கித்தான் சங்கிலி அறாமல் காத்தார்கள். ஆகவே ‘ஹவுஸ்ஃபுல்’ என்றதும் பயப்பட வேண்டாம். பெரிய எதிரணி இல்லாத வாரம் என்றால், ஆட்டத்துக்கு முந்தைய நாள் மறுவிற்பனையில் விலை பெரும்பாலும் இறங்கும்.

மைதானத்துக்கு முழு மார்க். உள்ளே ஆடுகிற அணிக்கு, பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே.

முதலில் இடம். ஆடுகளம் வடக்கு தெற்காக நீள்கிறது. செப்டம்பரில் பிற்பகல் ஆட்டம் என்றால் மேற்கு ஸ்டாண்டில் உட்காருங்கள், வெயில் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கிழக்கில் உட்கார்ந்தால் கடைசி விசில்வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்க்க வேண்டியதுதான். நவம்பரில் அப்படியே தலைகீழ், அந்தக் கொஞ்ச வெயிலுக்குக் கிழக்குதான் சொர்க்கம். பெரும்பாலான இருக்கைகள் சாய்மானம் இல்லாத பெஞ்சுகள். குளிர்காலத்தில் காங்கிரீட் வழியாகக் காலில்தான் முதலில் ஏறும் என்பதால், கோட்டைவிடத் தடித்த சாக்ஸ் முக்கியம்.

பை கண்ணாடிபோல் தெரிய வேண்டும், 12×6×12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கெட் ஃபோனில்தான். வாசலுக்கு வருமுன்பே திறந்து ஃபோனின் வாலட் ஆப்பில் போட்டுவிடுங்கள். சுமார் 85,000 பேர் ஒரே இடத்தில் கூடும்போது சிக்னல் படுத்துவிடும். ஆட்ட நேரத்தை டிவிக்காரர்கள் பல சமயம் 12 நாள் முன்புதான் சொல்வார்கள், சிலமுறை 6 நாள் முன்பு. ரத்து செய்ய முடியாத ஹோட்டல் அறை எடுத்துவிட்டு அப்புறம் புலம்பக் கூடாது. சாப்பாட்டில் எல்லோரும் சொல்வது ‘ரன்சா’. பன்னுக்குள் மாட்டுக்கறி, முட்டைக்கோஸ், வெங்காயம். சைவக்காரர்கள் கேட்டு வாங்கவும்.

இனி அணி. பாப் டெவனி பயிற்சியாளராக வந்த 1962இல்தான் அந்த ஹவுஸ்ஃபுல் கணக்கும் தொடங்கியது. 1970, 1971 இரண்டிலும் தேசியப் பட்டம். அடுத்து வந்த டாம் ஆஸ்போர்ன் 25 ஆண்டுகளில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 டிரா. எந்த சீசனிலும் 9 வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. 1994, 1995, 1997இல் பட்டம். 1995 அணி பந்தை வீசாமல் கையில் ஏந்தி ஓடியே ஆட்டத்துக்கு ஏறத்தாழ 400 யார்டு எடுத்தது. அந்த ஆண்டு அவர்கள் ஜெயித்த மிகக் குறைந்த வித்தியாசமே 14 புள்ளி. இறுதியில் ஃப்ளோரிடாவை 62-24.

அதன் ரகசியம் ‘ட்ரிபிள் ஆப்ஷன்’. எதிரணியின் ஓரத் தடுப்பாளர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவாட்டர்பேக் (ஆட்டத்தை நடத்துபவர்) பந்தை ஃபுல்பேக்கின் (நடுவில் முட்டி ஓடுபவர்) வயிற்றில் வைத்துக்கொண்டே அந்த ஆளைப் பார்ப்பார். அந்தத் தடுப்பாளர் உள்ளே பாய்ந்தால் குவாட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓடுவார். பாயாவிட்டால் பந்து ஃபுல்பேக்குக்கு. வெளியே இன்னொருவர் மறித்தால், பக்கவாட்டில் நாலைந்து யார்டு தள்ளி ஓடிவருபவருக்குப் பக்கவாட்டு வீச்சு. அந்த இடைவெளி குறைந்தால் ஒரே தடுப்பாளர் இருவரையும் சமாளித்துவிடுவார், கூடினால் பந்து கைதவறும். முடிவெடுக்க அரை விநாடிகூடக் கிடையாது. ஆயிரம் முறை செய்து பழகிய கைக்குத்தான் இது படியும், அதனால்தான் இதற்கு ஆண்டுக்கணக்கில் ஒரே அணியில் நிற்கிற ஆட்கள் தேவை. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்த உள்ளூர்ப் பையன்கள் மூன்று நான்கு வருடம் உடம்பை ஏற்றி, கடைசி ஆண்டில் முன்வரிசையில் (எதிரணியை முட்டி வழி திறக்கும் ஐவர் வரிசை) நின்றார்கள்.

சரிவு எங்கே தொடங்கியது? ஆஸ்போர்னுக்கு அடுத்த பயிற்சியாளர், 9-3 (9 வெற்றி, 3 தோல்வி) என்று நின்ற ஃப்ராங்க் சோலிச்சை 2003இல் நீக்கியதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது தவறுதான், ஆனால் அதைவிட ஆழமான வெட்டு 2011இல் ‘பிக் டென்’ என்ற பல்கலைக்கழக லீக்குக்கு மாறியது. டெக்சாஸில் ஆண்டுதோறும் ஆடுவது நின்றது, அங்கிருந்து வரும் இளைஞர்களின் வரத்தும் வற்றியது. சுமார் 20 லட்சம் பேரே இருக்கிற மாநிலத்தில் முழு அணியையும் உள்ளூரிலேயே திரட்ட முடியாது. 2021ஐப் பாருங்கள்: 3-9, ஒன்பது தோல்வியும் 9 புள்ளிக்குள். திறமை இல்லாத அணி இப்படித் தோற்காது. கடைசி நேரத்தில் கைநடுங்குகிற அணிதான் தோற்கும்.

மாட் ரூல் 2023 சீசனுக்குப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முன்பு பயிற்சியளித்த டெம்பிள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு 10-4, பேய்லர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு 11-3 என்பதால் இங்கும் மூன்றாம் ஆண்டுக்காகக் காத்திருந்தார்கள். 5-7, 7-6, பிறகு மறுபடி ஏழு வெற்றியோடு நின்றுவிட்டது. 2025இல் குவாட்டர்பேக் டிலன் ரயோலாவின் கால் எலும்பு முறிந்தது ஒரு காரணம். அதை மட்டுமே சொல்லித் தப்பிக்க முடியாது, முன்வரிசை அதற்கு முன்பே தள்ளாடியது. இதற்கு மேல், அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற உச்சவரம்பும் அதே ஆண்டு வந்தது. ஆள் பலத்தை உள்ளூர்ப் பையன்களால் பெருக்கிக்கொண்ட ஊருக்கு இது நேராக வயிற்றில் அடி. இனி முதிர்ந்த முன்வரிசை வேண்டுமென்றால் போர்ட்டலில் (வீரர்கள் பல்கலைக்கழகம் மாறும் வழி) காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அணி தேறுகிறதா என்று நீங்களே பார்க்க, 50 யார்டு கோட்டுக்கு (ஆடுகளத்தின் நடுக்கோடு) அருகே இருக்கைக்கு அதிக விலை கொடுக்காதீர்கள். வடக்கு அல்லது தெற்குக் கோடியில் உயரமான வரிசை எடுங்கள். மூன்றாம் டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), இரண்டு யார்டு தேவை என்று வரும்போது பந்தைப் பார்க்காமல் நடுவில் நிற்கும் ஐவரை மட்டும் பாருங்கள். முட்டிய முதல் விநாடியில் எதிரணிக்காரன் பின்னால் போனானா, இவன் போனானா என்பது அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.