டெல்டா மெஸ்ஸில் சுவரொட்டியும் குடலும்: வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்களுக்கு

பன்னிரண்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துச் சின்ன மெஸ்களில் சாப்பாடு மூன்று மணி வரை ஓடும். ஆட்டு மூளையும் சுவரொட்டியும் (மண்ணீரல்) ஒரு மணியைத் தாண்டுவதே பெரிய விஷயம். ஓர் ஆட்டுக்கு ஒரு மூளை, ஒரு சுவரொட்டிதான்; மூன்று கிடா வாங்கும் கடையில் மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். அதிலும் இரண்டை உள்ளூர் வாடிக்கையாளர்கள் காலையிலேயே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்களும் பத்து மணிக்குள் போன் போட்டு, "அண்ணே, சுவரொட்டி ஒண்ணு எடுத்து வச்சிருங்க, பன்னெண்டேகாலுக்கு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டால் போதும். முன்பணம் யாரும் கேட்பதில்லை. சொல்லிவிட்டு வராமல் போனால் மட்டும் அடுத்த முறை அந்த நம்பரை எடுக்க மாட்டார்கள்.

கிழமையும் பார்க்க வேண்டும். ஞாயிறு கூட்டம் நெரியும், ஆனால் அன்றுதான் ஆடு அதிகம் அறுபடும், சரக்கும் புதிது. கூட்டம் ஒத்துவராதவர்கள் புதன்கிழமை போகலாம். செவ்வாய், வெள்ளியில் பலர் கவுச்சி தொடமாட்டார்கள். வியாபாரம் மந்தமான அந்த நாட்களில் முந்தின நாள் ஃப்ரிட்ஜ் கறிக்கு வாய்ப்பு அதிகம். புரட்டாசியில் சில மெஸ்கள் மாதம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். பொங்கலுக்கு வருபவர்கள் கவனிக்க: மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம், தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள், இரண்டுக்கும் இறைச்சிக் கடைகள் மூடல். மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தியும் அப்படியே.

உட்கார்ந்து இலை போட்டதும் ஒரு பெரிய தட்டில் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டும் கடைகள் உண்டு. அது விருந்தோம்பல் இல்லை, மெனு. எடுத்து வைத்த ஒவ்வொன்றும் பில்லில் ஏறும். சோறு, குழம்பு வகைகள், ரசம், மோர் மட்டுமே சாப்பாட்டில் சேர்ந்தவை. எடுப்பதற்கு முன் "இது எவ்வளவுண்ணே?" என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை, உள்ளூர்க்காரர்களே கேட்கிறார்கள்.

தட்டில் முதலில் பார்க்க வேண்டியது குடல். ஒரு சமையல்கட்டின் யோக்கியதை அதில் தெரிந்துவிடும். வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கி, மேலே படிந்த கறுப்புத் தோலைக் கத்தி முதுகால் சுரண்டி, சிறுகுடலைக் குச்சி விட்டு உள்புறம் வெளியே திருப்பி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளியும் வரை ஏழெட்டுத் தடவை அலச வேண்டும். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலை. இதைச் சுருக்க நினைப்பவர்கள் சுண்ணாம்பை அள்ளிப் போடுவார்கள். குடல் பளிச்சென்று வெளுக்கும், வாயில் வழவழக்கும், மசாலா ஒட்டாது. அதனால் வெள்ளை வெளேரென்ற குடலை விட லேசான பழுப்பு நிறத்தையே நம்பலாம். சாண வாடை அடித்தால் திருப்பிக் கழுவவில்லை, அல்லது முதல் கொதித் தண்ணீரைக் கொட்டவில்லை. பட்டையும் கிராம்பும் தூக்கலாக மணந்தாலும் சந்தேகப்படுங்கள், எதையோ மூடுகிறார்கள். நன்றாகச் செய்த குடல் கூட்டில் கடலைப்பருப்பு உடையாமல் வெந்திருக்கும், குடல் இரண்டு மூன்று கடியில் நறுக்கென்று விட்டுக்கொடுக்கும். ரப்பராக இழுத்தால் குக்கரில் இன்னும் நாலு விசில் பாக்கி.

ஈரல் இதற்கு நேர் எதிர். அதிகம் வெந்தால் கெட்டது. தோசைக்கல்லில் சின்ன வெங்காயம், மிளகோடு ஐந்தாறு நிமிடம், உப்பு கடைசியில். முன்கூட்டியே வறுத்து வைத்து, ஆள் வந்ததும் சூடு காட்டித் தருவது வழக்கமாகிவிட்டது. அந்த ஈரல் மரத்தூளாக வாயில் உதிரும். "கல்லுல இப்பப் போட்டுக் குடுங்கண்ணே" என்று கேளுங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள். வந்ததும் ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் ரத்தம் கசிந்தால் திரும்பக் கல்லுக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. யூரிக் ஆசிட் தொல்லை உள்ளவர்களுக்கு இந்தத் தட்டு முழுவதுமே ஆகாது.

சுவரொட்டியின் மேல்தோலை உரிக்காமல் போட்டால் சுருண்டு, தோல் பல்லில் மாட்டும். மூளையில் ரத்த நரம்பு ஓடும் மெல்லிய சவ்வை மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நீரில் வைத்துத்தான் எடுக்க முடியும். விட்டால் வறுவலில் கறுப்புக் கோடுகளும் லேசான கசப்பும் தெரியும். முட்டை ஊற்றிக் கிளறிய மூளையில் பாதிக்கு மேல் முட்டைதான் வருகிறது. மிளகு வறுவலாகக் கேட்டால் ஏமாற்ற இடமில்லை. ரத்தப் பொரியல் உதிரியாக, தேங்காய்ப்பூவோடு, ஈரமில்லாமல் இருக்க வேண்டும், பிசுபிசுத்தால் தொடாதீர்கள். முஸ்லிம்கள் நடத்தும் கடைகளில் ரத்தம் கிடையாது, கேட்பதும் அழகில்லை. கூத்தாநல்லூர், நாகூர் பக்கம் போனால் அதற்குப் பதில் காலை ஏழு மணிக்கு ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும். இரவெல்லாம் விறகடுப்பில் கிடந்த காலில் எலும்பைத் தட்டினால் மஜ்ஜை தானாக வழுக்கி விழும். அந்த நேரத்துக்கு எழுந்திருக்க முடியாதவர்கள் பாயாவை மறந்துவிடலாம்.

அறுவடை முடிந்த வயலில் வாத்து மந்தை மேயும் மாதங்களில் வாத்துக்கறியும் வரும். வால் நுனியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அறுத்து எறியாவிட்டால் குழம்பு முழுக்க ஒரு கெட்ட நெடி ஏறும். வயல் நத்தையைச் சில வீடுகளில் சமைப்பார்கள். ஒரு நாள் நல்ல தண்ணீரில் விட்டு, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்து, சுருள் முனையிலுள்ள குடலை நீக்கினால்தான் பயமில்லை. அரைவேக்காட்டில் ஒட்டுண்ணி தொற்றும். மருந்தடித்த வயல் நத்தையைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. மடையான், கொக்கு, கௌதாரி என்று யாராவது காதோரம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சில இடங்களில் விஷம் வைத்தே பிடிக்கிறார்கள். காடை பண்ணைச் சரக்கு என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.

பணம் கொடுக்கும் இடத்தில் க்யூஆர் அட்டை தொங்கும், வெளிநாட்டு வங்கி அட்டை எடுபடாது. நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சீல் உடைக்காத பாட்டிலில். பச்சை வெங்காயத்தை ஒதுக்கிவிடுங்கள். வந்த முதல் வாரத்தில் வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் குடல் இல்லை, கழுவிய தண்ணீர்தான். வீட்டுக்குப் பார்சல் என்றால் குடலும் தலைக்கறியும் சூடாக்கினாலும் தாங்கும், ஈரலும் மூளையும் தாங்காது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்: ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அபராதமும் உண்டு.