ஸ்பின்-கிளீன்: நம்ம ஊர் ரெக்கார்டுகளுக்குச் சரிப்படுமா?

மூர் மார்க்கெட் பக்கம் கிளறி எடுக்கும் எல்பி இசைத்தட்டுகளில் பெரும்பாலும் இரண்டு அழுக்கு இருக்கும். ஒன்று விரல் எண்ணெயில் ஒட்டிய தூசி, மற்றது ஈரத்தில் பிடித்த பூஞ்சை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து 1975 முதல் வரும், இசைத்தட்டு கழுவும் ஸ்பின்-கிளீன் தொட்டி முதலாவதை நன்றாகவே எடுக்கிறது. இரண்டாவதற்கு அது மட்டும் போதாது.

மோட்டார் கிடையாது, கையால் சுற்ற வேண்டியதுதான். பிளாஸ்டிக் தொட்டி, தட்டு நிற்க இரண்டு ரோலர், இருபக்கமும் தேய்க்க ஒரு ஜோடி பிரஷ், சின்ன பாட்டிலில் திரவம், துடைக்கத் துணி. 7, 10, 12 அங்குலத் தட்டுக்கு ஏற்ப ரோலரை இடம் மாற்றலாம். கோடு வரை தண்ணீர் ஊற்றி, பிரஷ்கள் மீது மூன்று மூடி திரவம் விட்டு, தட்டை இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று. கோட்டைத் தாண்டி ஊற்றினால் லேபிள் நனைந்து சாயம் இறங்கும். காய்ந்த தூசியை முதலில் கார்பன் ஃபைபர் பிரஷால் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் நாலாவது தட்டிலேயே தண்ணீர் சேறாகும்.

சென்னையில் இந்தத் தொட்டியின் வேலையைக் கெடுப்பது தண்ணீர்தான். போர் தண்ணீர் பேச்சுக்கே இடமில்லை. கேன் தண்ணீரிலும் வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும்கூட உப்பு மிச்சம் இருக்கும். காய்ந்ததும் அந்த உப்பு தட்டில் பாட்டு பதிந்த பள்ளத்தில் தங்கி, ஊசி பட்டதும் படபடவென்று பொரியும். பேட்டரி கடையில் டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் கேளுங்கள் (பக்கத்திலேயே ஆசிட் கேனும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்கவும்). ஒரு சொட்டை முகம் பார்க்கும் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். வெள்ளை வட்டம் தெரிந்தால் அந்தக் கேன் வேண்டாம்.

பெரிய குறை, அலசுவதற்குத் தனி ஏற்பாடு இல்லாதது. திரவம் கலந்த தண்ணீரிலிருந்து எடுத்து நேரே துணியால் துடைக்கச் சொல்கிறார்கள். திரவத்தின் மிச்சம் தட்டிலேயே காய்கிறது. ஸ்ப்ரே பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் வைத்து, லேபிளை உள்ளங்கையால் மறைத்து இருபக்கமும் அடித்துவிட்டுப் பிறகு துடைத்தால் சத்தத்தில் வித்தியாசம் தெரியும். துணியைப் பள்ளத்தின் போக்கிலேயே, வட்டமாக ஓட்டவும். பிறகு பாத்திர ஸ்டாண்டில் நிறுத்தி அரை மணி நேரம், ஐப்பசி கார்த்திகை என்றால் இன்னும் கூடுதலாகவே விடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், ஈரத்தில் தூசி அப்பும். வெயிலில் வைத்தால் தட்டு வளைந்துவிடும். காய்ந்த தட்டைப் பூஞ்சை பிடித்த பழைய உள்ளுறைக்குள் திரும்பத் தள்ளுவதைவிடக் கழுவாமலே இருந்திருக்கலாம்.

பூஞ்சைப் புள்ளிகளுக்குத் தொட்டியில் இறக்கும் முன் ஒரு வேலை உண்டு. நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டருக்கு ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து, மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கில் தேய்த்து, காய்வதற்குள் அலசுங்கள். இது எல்பி போன்ற வினைல் (பிளாஸ்டிக்) தட்டுகளுக்கு மட்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கில் செய்தவை. ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், தட்டு போனது போனதுதான். இப்போது ஸ்பின்-கிளீனோடு வரும் திரவத்தில் ஆல்கஹால் இல்லை என்பதால் 78ஐயும் இதில் கழுவலாம். ஆனால் ஊறவிடக் கூடாது. விளிம்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், அப்படிப்பட்ட தட்டை ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கழுவியும் இரைச்சல் போகவில்லையா? வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு உரத்து வரும் இடங்கள் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அது அழுக்கல்ல, கனத்த ஊசி தேய்த்த தேய்மானம். அதை எந்தத் திரவமும் எடுக்காது. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை அடித்துப் பார்க்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். இன்னொன்று: கழுவியபின் முதல் தடவை ஓட்டும்போது, அடியிலிருந்து கிளம்பிய மிச்ச அழுக்கு ஊசி நுனியில் பஞ்சாகத் திரளும். முதல் பக்கம் முடிந்ததும் ஊசியைப் பின்னாலிருந்து முன்னாக மட்டும் பிரஷ் செய்துவிட்டு மறுபக்கத்தைப் போடுங்கள்.