கின்சா வழித்தடம்: 01 வகையா, 1000 வகையா?

டோக்கியோவின் கின்சா சுரங்க ரயில் வழித்தடத்தில் 1984 முதல் 2017 வரை ஓடியது 01 வகை ரயில். 2012-இல் வந்தது 1000 வகை. இரண்டுமே 16 மீட்டர் நீளப் பெட்டிகள், ஆறு பெட்டித் தொடர். மின்சாரம் பாதையோரம் ஓடும் மூன்றாம் தண்டவாளம் வழியே, 600 வோல்ட்.

பெரிய வேறுபாடு, பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கும் சக்கரத் தொகுதியில்தான். இங்குள்ள கூர்வளைவுகளில் 01-இன் இணையான அச்சுகள் தண்டவாளத்தை உரசிக் கிறீச்சிடும், சக்கர விளிம்பும் தேயும். 1000-இல் ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் அச்சு வளைவுக்கேற்பத் திரும்பும். அதில் மோட்டார் கிடையாது. மற்ற அச்சை நிரந்தரக் காந்த மோட்டார் இழுக்கிறது. சாப்பர் முறையில் (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுச் செலுத்தி) மோட்டாரைக் கட்டுப்படுத்தும் 01-ஐவிட மின்செலவும் குறைவு.

மூன்றாம் தண்டவாள இடைவெளியில் விளக்கு அணையும் பழைய தொல்லையை ஒழித்தது 01. வேடிக்கை, 1000-இன் இரு சிறப்புத் தொடர்கள் அதை வேண்டுமென்றே நடித்துக் காட்டுகின்றன! சில 01 பெட்டிகள் ஜப்பானின் இன்னொரு நகரான குமாமோட்டோவில் இன்னொரு வாழ்வு பெற்றன. அங்கே தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் குறைவு, மின்சாரமும் மேல்நிலைக் கம்பியில் என்பதால் சக்கரத் தொகுதி மாறியது, கூரையில் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மின்னேந்தி ஏறியது.