2ஜி-யை ஆஃப் செய்யும் அந்த சுவிட்ச்

ஆண்ட்ராய்டில் 2ஜி-யை ஆஃப் செய்து வைக்கலாமே, நீ வைத்திருக்கிறாயா, எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டார். "அருமை" என்று அடித்து, அனுப்பாமல் அழித்தேன். ஊரின் எந்தப் பக்கத்தில் நின்று சொல்கிறேன் என்பதைப் பொறுத்தது அந்தப் பதில்.

முதலில் நல்லது. 2ஜி-யில் போன்தான் தன்னை யார் என்று டவரிடம் நிரூபிக்கும். டவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அதனால்தான் போலி டவர் வைத்து, சுற்றியிருக்கும் போன்களை 2ஜி-க்கு இறக்கி, வங்கியின் பெயரில் குறுஞ்செய்தி தள்ள முடிகிறது. 3ஜி-யிலேயே இருபக்கச் சரிபார்ப்பு வந்துவிட்டது. 2ஜி-யில் பேச்சை ஒட்டுக்கேட்காமல் மறைக்கும் ஏ5/1 என்ற குறியாக்கத்தை உடைப்பதற்கான அட்டவணைகள் 2009-லேயே வெளியாகிவிட்டன. 2021-ல் ஆண்ட்ராய்டு 12 இந்த சுவிட்சைக் கொடுத்தது. ஆஃப் செய்தாலும் அவசர அழைப்புக்கு 2ஜி-யைத் தொட விடுகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள். என்ன, டவரோடு பேசும் சிப்பான மோடம் ஒத்துழைக்காத போன்களில் இந்த வசதியே கண்ணில் படாது.

அலுவலகப் பகுதியில் எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. நாலு பக்கமும் டவர், 5ஜி. 2ஜி இல்லாததே தெரியாது.

வீட்டுப் பக்கம் கதை வேறு. சந்துக்குள் ஒட்டி ஒட்டி வீடுகள், தடித்த சுவர். இங்கே 4ஜி வரும் உயர் அலைவரிசை வாசலோடு நின்றுவிடுகிறது. 900 மெகாஹெர்ட்ஸில் வரும் 2ஜி மட்டும் எப்படியோ உள்ளே நுழைகிறது. சுவிட்சை ஆஃப் செய்தால் 'சேவை இல்லை'. அழைப்பு வராது, ஓடிபி வராது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி சூடாகித் தீர்ந்துவிடும். சிம் நிறுவனத்திடம் புகார் செய்தால், "வரைபடத்தில் உங்கள் பகுதி பச்சையாகத்தானே இருக்கிறது" என்கிறார்கள். அந்தப் பச்சை வீட்டுக்கு வெளியே நிற்பவனுக்கு. நான் தூங்குவது உள்ளே.

சரி, டவருக்குப் பதில் வைஃபை வழியாகவே பேசும் வைஃபை காலிங் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அழைப்பு தனிக் குறியாக்கத்தில் போவதால் ரவுட்டர் மோசமானாலும் பேச்சு கசியாது. ஆனால் அதற்கு ஒழுங்கான பிராட்பேண்ட் வேண்டும், நிறுவனம் அந்தப் போனுக்கு வசதியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். எங்கள் சந்தில் பாதிப் பேர் பக்கத்து வீட்டு வைஃபையில் ஓட்டுகிறார்கள். ரவுட்டர்களோ அப்டேட் நின்றுபோனவை. பாஸ்வேர்டு அடிக்காமல் வைஃபையில் இணைய ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு வசதி உண்டு; அதன் பின் எண்ணை ஊகித்தே உள்ளே நுழையலாம் என்பது 2011-லேயே அம்பலமானது. இங்கே பல வீடுகளில் அது இன்னும் ஆனில்தான் இருக்கிறது. சிக்னல் நன்றாக இருக்கும் பகுதிக்காரர் பாதுகாப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். எங்களுக்கு ஓடிபி வேண்டுமா, பாதுகாப்பு வேண்டுமா, ஒன்றைச் சொல் என்கிறது போன்.

எரிச்சல் முழுக்க சுவிட்ச் மேல் போவது நியாயமில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஐந்துக்கு ஐந்து தரலாம். இப்போது என் போனில் 2ஜி ஆனில்தான் இருக்கிறது. அலுவலகம் போனதும் ஆஃப் செய்வேன், ஞாபகம் இருந்தால்.